பேஸ் கேபினட்டை நகர்த்தியதும்தான் நான் வாசிப்பது எனக்கே கேட்டது

ஒரே மண்டபத்தில் மூன்று கச்சேரியில் பேஸ் கிட்டார் வாசித்தேன், மூன்றிலும் இதே தொல்லை. முன்வரிசையில் பேஸ் அதிர்கிறது என்கிறார்கள், கேபினட்டிலிருந்து, அதாவது என் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து, ஆறடி தள்ளி நிற்கும் எனக்கோ வெறும் உறுமல். வால்யூமைக் கூட்டினேன், பேஸ் குமிழைத் திருகினேன், மிக்சர் தம்பி முறைத்ததுதான் மிச்சம். அப்புறம்தான் கவனித்தேன்: டி தந்தியில் 3ஆம் கட்டில் வரும் எஃப் ஸ்வரம் மட்டும் செத்துக் கிடந்தது. கேபினட்டின் முகம் பின்சுவரிலிருந்து சுமார் ஒரு மீட்டர்; அந்த எஃப் 87 ஹெர்ட்ஸ், அதன் அலைநீளத்தில் கால்பங்கும் கிட்டத்தட்ட அதே ஒரு மீட்டர், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, போய்வர அரை அலை பின்தங்கி, நேரே வருவதை ரத்தாக்கிவிடுகிறது. சுவரோடு ஒட்டினேன், எஃப் வந்துவிட்டது. ஆனால் விரல் படும் சத்தம் இன்னும் என் முழங்காலுக்குத்தான் கேட்டது. கீபோர்டுக்காரரின் பெட்டிகளை அடுக்கி, கேபினட்டைக் காதுக்கு நேராக மேலே ஏற்றினேன். இப்போது வால்யூம் குமிழ் முன்பிருந்ததில் பாதியில் நிற்கிறது.