கையில் பத்து வேலை, வாரத்துக்கு ஐந்து மணி நேரம்: வீட்டு வேலைகளை ஒழுங்குக்குக் கொண்டுவர ஒரு செய்முறை

மொட்டை மாடி ஒழுகுகிறது. அப்பா பெயரில் இருக்கும் கரண்ட் இணைப்பை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும். பையனுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். பழைய கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்து தருவதாகச் சித்தியிடம் சொல்லியாயிற்று. நடுவில் நமக்கென்று ஒரு ஆசை: ஹிந்தி பரீட்சையோ, மாடித் தோட்டமோ. சென்னையில் வேலைக்கும் போய்க்கொண்டு குடும்பமும் நடத்துகிற யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு பத்து உருப்படி சொல்வார்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஐந்து மணிக்கு எழுந்தால் ராத்திரி ஒன்பதுக்கே கண் சொருகும், கணக்கு அங்கேயே சமமாகிவிடும். நம் கையில் இருப்பது ஒன்றுதான்: ஒரே நேரத்தில் எத்தனை வேலையைத் திறந்து வைப்பது என்பது. அதைக் குறைக்கும் வழிதான் இது. ஒரு நோட்டு, ஒரு பென்சில், முகூர்த்த நாள் எல்லாம் போட்ட மாதக் காலண்டர் ஒன்று, இவ்வளவு போதும்.

படி 1: எல்லாவற்றையும் எழுதுங்கள்

ஒரு பக்கம், ஒரு வரிக்கு ஒரு வேலை. வீட்டு வேலை, காகித வேலை, சொந்த ஆசை என்று இப்போதே பிரிக்க வேண்டாம். "பார்க்கலாம்", "செஞ்சுடலாம்" என்று நாம் வாய்விட்டுச் சொன்ன எல்லாமும் இதில் வரவேண்டும். நாம் மறந்திருப்போம், கேட்டவர் மறந்திருக்க மாட்டார். வீட்டில் இருப்பவர்களிடமும் நோட்டை நீட்டி, "நான் செய்யறேன்னு சொல்லி நிக்கறது வேற ஏதாவது இருக்கா?" என்று கேளுங்கள். அம்மா எப்படியும் ரெண்டு சேர்ப்பார்.

தினசரி வேலைகளை எழுதாதீர்கள். தண்ணி கேன் சொல்வது, கேஸ் புக் செய்வதெல்லாம் இந்த நோட்டில் வராது. ஒருமுறை முடிந்தால் முடிந்தது என்று சொல்லக்கூடியவை மட்டும்.

படி 2: யார் கையில் நிற்கிறது என்று குறியுங்கள்

ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் ஒரு எழுத்து போடுங்கள். நீங்களே உட்கார்ந்து செய்ய வேண்டியது என்றால் 'கை'. மேஸ்திரி, பிளம்பர், ஆபீஸ், கொரியர் என்று வேறு யாரோ செய்ய, நாம் காத்திருப்பது என்றால் 'கா'.

இரண்டும் தின்பது வேறு வேறு. 'கை' வேலை மணிக்கணக்கைத் தின்கிறது. 'கா' வேலை மணிக்கணக்கைத் தொடுவதில்லை, மண்டையைத் தின்கிறது: போன் செய்தோமா, அவர் என்ன சொன்னார், அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தோம். பத்து வேலை தலைமேல் நிற்கிறது என்று தோன்றுகிறவர்களுக்கு, பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் 'கா'வாக இருப்பது சகஜம். அதற்குத் தனி வைத்தியம், படி 6-ல் வருகிறது.

படி 3: உண்மையான நேரத்தை எண்ணுங்கள்

வேளச்சேரியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய் வருகிறவருக்கும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவருக்கும் ஒரே கணக்கு வராது. ஒரு மாதிரிக்கு: வார நாளில் இரண்டு ராத்திரி, சாப்பிட்ட பிறகு முக்கால் மணி நேரம் வீதம் ஒன்றரை மணி. சனிக்கிழமை சாயந்திரம் ஒன்று. ஞாயிறு காலை மூன்று. ஆக மொத்தம் 5½ மணி, மாதத்துக்கு 22. அதில் ஒரு ஞாயிறு கல்யாண மண்டபத்துக்கோ காதுகுத்துக்கோ போய்விடும் என்று 3 மணியைக் கழித்தால் 19.

இப்போது ஒவ்வொரு 'கை' வேலைக்கும் எத்தனை மணி ஆகும் என்று எழுதி, அதை இரண்டால் பெருக்குங்கள். இது சும்மா சொல்வதில்லை. இதே மாதிரி வேலை போனமுறை எவ்வளவு இழுத்தது என்று தெரிந்திருந்தும், இந்தமுறை சீக்கிரம் முடியும் என்றே மனிதர்கள் கணக்குப் போடுகிறார்கள் என்று டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-லேயே எழுதிவைத்தார்கள். ஆல்பம் ஸ்கேன் செய்ய நாலு மணி நேரம் என்று தோன்றினால் எட்டு என்று போடுங்கள். ஒட்டும் பிளாஸ்டிக் பக்கமுள்ள அந்தக் கால ஆல்பத்தில் போட்டோவைக் கிழியாமல் எடுக்கப் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு, ரம்பம்போல இப்படியும் அப்படியும் இழுத்துப் பிரிக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தை யாரும் முன்கூட்டி எண்ணுவதில்லை.

படி 4: காலண்டரில் வையுங்கள்

இந்தப் படியில் நிதானமாக உட்காருங்கள். எது அவசரம், எது முக்கியம் என்று நான்கு கட்டம் போட்டு யோசிப்பதைவிட, சென்னையில் எந்த மாதம் எந்த வேலைக்கு இடம் கொடுக்கும் என்று பார்ப்பது எளிது. பாதி வேலைகள் தானாக வரிசையில் நின்றுவிடும்.

முதலில் மழை. சென்னைக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். மாடி ஒழுகல், வெளிச்சுவர் பெயிண்ட், தண்ணித் தொட்டி விரிசல் எல்லாம் பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் முடியவேண்டும், ஏனென்றால் இவற்றுக்குத் தளம் காய்ந்திருக்க வேண்டும். ஜூலையிலிருந்தே சாயந்திர இடிமழை எட்டிப்பார்க்கும். அக்னி நட்சத்திரத்தில், அதாவது மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மாதக் கடைசி வரை, மாடி வேலையை விடியற்காலையில் ஆரம்பித்து வெயில் ஏறும் முன் முடிக்கச் சொல்லுங்கள்.

மாடி வேலை உங்கள் பட்டியலில் இருந்தால், மேஸ்திரியைக் கூப்பிடும் முன் ஒரு சோதனை. மழைத்தண்ணீர் இறங்கும் ஓட்டையைத் துணிப்பந்தால் இறுக்கி அடைத்து, தளத்தில் ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் முழுக்க விடுங்கள். பழைய, பலவீனமான தளமென்றால் பொறியாளரைக் கேட்காமல் இதைச் செய்யாதீர்கள். கீழே சீலிங்கில் ஈரம் தெரிய ஆரம்பித்ததும் அதன் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்திலேயே நேரத்தை எழுதுங்கள். சில மணி கழித்து மறுபடி ஒரு கோடு. எந்தப் பக்கம் பரவுகிறது என்று தெரிந்தால் முழு மாடியையும் உடைக்காமல், சுவரும் தளமும் சேரும் மூலையை மட்டும் சரிசெய்தால் போதுமா என்று மேஸ்திரியிடம் பேசலாம். ஒரு பென்சில் கோடு சில சமயம் முழு மாடிச் செலவையே மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

அடுத்தது முகூர்த்தம். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் ஞாயிறு நம்முடையது இல்லை, பத்திரிகை வைத்தவர்களுடையது. அதற்கு நேர்மாறு ஆடி. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை கல்யாணம், கிரகப்பிரவேசம் கிடையாது. ஆடித் தள்ளுபடிக்கு தி. நகரில் போய் இடிபடாமல் இருந்தால், வருஷத்திலேயே அதிக ஞாயிறு மிஞ்சும் மாதம் அதுதான். நீண்ட நேரம் கேட்கும் 'கை' வேலை எதுவோ, அதை ஆடிக்குத் தள்ளுங்கள். மார்கழியிலும் கல்யாணம் இல்லை. கச்சேரி கேட்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் அந்த மாதம் சபாக்களில் கரைந்துவிடும்.

நவராத்திரியில் கொலு வைக்கும் வீடாக இருந்தால் அங்கிருந்து தீபாவளி முடியும்வரை புதிதாக எதையும் தொடங்காதீர்கள். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் ஜனவரியிலிருந்து மார்ச் கடைசிவரை டிரில்லிங் மெஷின் சத்தம் கேட்கக்கூடாது.

காகித வேலைகளுக்கும் மாதம் உண்டு. சென்னை மாநகராட்சிச் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதலிலேயே கட்டினால் சிறு தள்ளுபடி கிடைக்கும். வருமான வரிக் கணக்கின் வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிற அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருந்தால் நவம்பரில் வாழ்வுச் சான்று. பிள்ளையை நேரில் அழைத்துப் போக வேண்டிய பாஸ்போர்ட் வேலைக்கு மே மாத விடுமுறை. கரண்ட் இணைப்புப் பெயர் மாற்றம், வில்லங்கச் சான்று பார்ப்பது மாதிரி வீட்டிலிருந்தே கணினியில் ஆரம்பிக்கக்கூடிய வேலைகளை மழைக்கால ஞாயிறுகளுக்கு ஒதுக்கிவிடலாம்.

படி 5: மூன்றே மூன்று

இந்த மாதத்துக்கென்று விழுந்த 'கை' வேலைகளில் மூன்றை மட்டும் எடுத்துத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று குடும்பத்தில் யாருக்காவது, ஒன்று உங்களுக்கு. மூன்றாவதை விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். அது போனால் ஆறே வாரத்தில் நோட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

ஏன் மூன்று? 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் வரிசைகளைப் பற்றி ஒரு கணக்கை நிரூபித்தார். உள்ளே நிற்கும் வேலைகளின் எண்ணிக்கையை, குறிப்பிட்ட காலத்தில் எத்தனை முடிகிறது என்பதால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எவ்வளவு காலம் உள்ளே கிடக்கும் என்று தெரியும். மாதத்துக்கு ஒரு வேலை முடிப்பவர் 12 வேலையைத் திறந்து வைத்தால் ஒவ்வொன்றும் சராசரியாக 12 மாதம் இழுக்கும். மூன்றைத் திறந்தால் மூன்று மாதம்.

"மீதி ஒன்பதும் வெளியே காத்துக்கிட்டுத்தானே இருக்கும்?" என்று கேட்கலாம். இருக்கும். ஆனால் திறக்காத வேலை கெட்டுப்போகாது. திறந்த வேலை கெடும். வாங்கிவைத்த சிமென்ட் மூட்டை மூன்று மாதம் தாண்டினால் வலு இழக்கும், சென்னைக் காற்றின் ஈரத்தில் இன்னும் சீக்கிரம். டப்பா திறந்த பெயிண்டில் ஆடை படியும். பாதி நிரப்பிய விண்ணப்பத்தின் பாஸ்வேர்டு மறந்துபோகும். அதனால் ஒரு விதி: மூன்றில் இல்லாத வேலைக்குப் பொருள் வாங்காதீர்கள், தள்ளுபடியே போட்டாலும் சரி.

மூன்றுக்கும் அடுத்த அடி என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். 'பாஸ்போர்ட்' என்று எழுதினால் கை நகராது. 'வியாழன் ராத்திரி பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்து போட்டோ பிடிப்பது' என்று எழுதினால் நகரும்.

படி 6: 'கா' வேலைகளுக்கு வாரம் இரண்டு முறை

செவ்வாயும் வெள்ளியும் மதிய இடைவேளையில் பத்து நிமிஷம். பட்டியலில் உள்ள 'கா' எல்லாவற்றுக்கும் அப்போது போன். மற்ற நாளில் அதை நினைக்கவே வேண்டாம். நோட்டில் மூன்று கட்டம்: யார், கடைசியாக என்ன சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார்.

பேசும் விதத்திலும் கொஞ்சம் இருக்கிறது. "எப்ப வருவீங்க?" என்று கேட்டால் "நாளைக்கு வந்துடறேன் சார்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"மேஸ்திரி, இப்ப எந்த ஏரியால வேலை ஓடுது?"

"மடிப்பாக்கத்துல சார். பாத்ரூம் டைல்ஸு."

"அது முடிய இன்னும் எவ்ளோ இருக்கு?"

"பதிக்கிறது ரெண்டு நாளு. அப்புறம் கிரௌட்டிங், டைல்ஸ் இடுக்கு அடைக்கிறது."

சரி, இவர் நாளைக்கு வரமாட்டார், நாலு நாள் ஆகும். அதை எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் செவ்வாய்க்கு வைத்துக்கொள்ளலாமா என்று நீங்களே கேளுங்கள். வேலை முடியும்வரை கடைசித் தவணையைக் கையிலேயே வைத்திருங்கள். முழுப் பணமும் வாங்கியவருக்கு மிச்சமிருக்கும் பூச்சு வேலை ஞாபகத்தில் நிற்காது.

படி 7: புது வேலை வந்தால் மாதம் சொல்லுங்கள்

நம் வீடுகளில் "முடியாது" என்றால் சண்டை. "பார்க்கலாம்" என்றால் அது படி 1-க்குப் போய் ஒரு வரியாக உட்காரும். நடுவில் ஒரு வழி உண்டு: மாதத்தின் பெயரைச் சொல்வது.

"ஏன்பா, ஊர்ல நிலத்துக்குப் பட்டா மாத்தணும்னு மாமா சொன்னாரே, ஒரு எட்டு போய்ட்டு வந்துடேன்."

"அம்மா, இந்த மாசம் மாடி வேலை ஓடுது. ஆடி பொறந்ததும் முதல் திங்கக்கிழமை லீவு போட்டுட்டுப் போறேன். மாமாகிட்ட பத்திரத்த மட்டும் எடுத்து வைக்கச் சொல்லு."

இதில் மறுப்பு இல்லை, நாள் இருக்கிறது, மாமாவுக்கும் ஒரு வேலை போய்விட்டது. சொன்ன கையோடு அம்மா கண் முன்னாலேயே காலண்டரில் குறித்துவிடுங்கள். ஞாயிறு டிபன் முடிந்ததும் வீட்டில் எல்லோரும் அந்த மூன்று வரியை ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது. கணவன் ஒரு பட்டியல், மனைவி ஒரு பட்டியல் என்று தனித்தனியே ஓடினால் இரண்டு பேருடைய ஞாயிறும் ஒரே மூன்று மணி நேரத்துக்கு அடித்துக்கொள்ளும்.

படி 8: மாதக் கடைசி ஞாயிறு

முடிந்ததை அடித்துவிட்டு, காலியான இடத்துக்குப் பட்டியலிலிருந்து ஒன்றை ஏற்றுங்கள். முடியாதது தொடரட்டும். இரண்டு மாதமாக அசையாத வேலைக்குப் பக்கத்தில் மட்டும் காரணத்தை எழுத வேண்டும். பணம் இல்லை என்றால் போனஸ் வரும் மாதத்துக்குக் காலண்டரில் தள்ளுங்கள். ஆள் இல்லை என்றால் 'கை' என்று இருந்ததைக் 'கா' ஆக்கிவிடுங்கள்: ஆல்பத்தை ஸ்டூடியோவில் கொடுத்தால் அவர்களே ஸ்கேன் செய்து பென் டிரைவில் போட்டுத் தருவார்கள். ஆசையே போய்விட்டது என்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்காக வாங்கிய பொருளை அந்த வாரமே ஓஎல்எக்ஸில் போடுங்கள், அல்லது அக்கம்பக்கத்தில் கற்றுக்கொள்ளும் வயதில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுங்கள். யாருக்காவது வாக்குக் கொடுத்த வேலையாக இருந்தால், அடிப்பதற்கு முன் அவருக்கு ஒரு போன்.