லாரி மோதினால் மட்டும் போதாது: வேற்றுலகக் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலையைக் கடக்கும்போது லாரி மோதுகிறது. கண் விழித்தால் எதிரே கோட்டை, இடுப்பில் வாள், பக்கத்தில் பேசும் பூனை. ஜப்பானியர் ‘இசேகாய்’ என்று அழைக்கும் கதைகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன. அந்தச் சொல்லின் பொருளே ‘வேற்றுலகம்’ என்பதுதான். இந்த வகையை எழுத முனைகிறவர்களோ லாரியை எடுத்துக்கொண்டு உலகத்தை விட்டுவிடுகிறார்கள். நாயகன் வந்த பிறகுதான் அந்த ஊரே மூச்சு விடத் தொடங்குகிறது. மற்ற தவறுகளெல்லாம் இது போட்ட குட்டிகள்.

சீனக் கவிஞர் தாவோ யுவான்மிங் ஐந்தாம் நூற்றாண்டில் சொன்ன கதையில் ஒரு மீனவன், பீச் மரங்கள் பூத்த ஓடைவழியே போய் மலைப்பிளவு ஒன்றுக்குள் நுழைகிறான். மறுபுறம் வயல், குளம், நாயும் கோழியும் எழுப்பும் சத்தம். சின் ஆட்சிக் காலக் குழப்பத்துக்குத் தப்பி ஓடிவந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். ஹான் என்றொரு வம்சம் வந்து போனதுகூட அவர்களுக்குத் தெரியாது. வந்தவனுக்குக் கோழியடித்து விருந்து வைக்கிறார்கள். அவன் போன பிறகும் அவர்கள் பாட்டுக்கு இருப்பார்கள் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது.

நானும் வழுக்கியிருக்கிறேன். என் கதையில் இன்றைய இளைஞன் ஒருவன் ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூரில் போய் விழுந்தான். ஒரு பாட்டி அவனுக்குத் தக்காளி ரசம் ஊற்றினாள். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து இங்கே வந்து சேர இன்னும் ஐந்நூறு ஆண்டாவது இருக்கிறது! திருத்தி எழுதியபோது காட்சி தானாகத் தேறியது. மிளகும் புளியும் சேர்ந்த சாற்றை வாயில் வைக்கிறான், ஏதோ குறைகிறது, அது என்னவென்று பாட்டியிடம் சொல்ல அவனிடம் சொல் இல்லை.

மொழியை அநேகமாக யாரும் கண்டுகொள்வதே இல்லை. மறுநிமிடமே பூதத்துக்கும் தேவதைக்கும் நம் ஆள் பேசுவது புரிந்துவிடுகிறது. மணிமேகலையில் வரும் சாதுவனைப் பாருங்கள். கணிகையிடமும் சூதிலும் பொருளைத் தொலைத்துவிட்டு, வாணிகம் செய்யக் கடலேறுகிறான். கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் கரையேறி, அலுப்பில் ஒரு மரத்தடியில் தூங்கிவிடுகிறான். நல்ல இரை கிடைத்ததென்று நாகர்கள் சூழ்கிறார்கள். அவர்கள் மொழியை அவன் முன்பே கற்றிருந்தான், பேசுகிறான், பிழைக்கிறான். இந்த ஒரு வரியைப் புலவர் விட்டிருந்தால் மீதிக் கதை நின்றிருக்காது.

அதற்குமேல் நடப்பது இன்னும் அழகு. நாகர் தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் தரச் சொல்கிறான். சாதுவன் மறுக்கிறான். உடம்பை விட்ட உயிர் வேறிடம் போகுமா என்று தலைவன் சிரிக்கிறான். வாதம் நடந்து, கடைசியில் தங்களுக்கு ஏற்ற அறத்தைச் சொல்லும்படி கேட்கிறான். சாதுவன் ஊனை அடியோடு விடச் சொல்லவில்லை. கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதீர்கள், மூத்து இறந்த விலங்கைத் தவிர மற்றதைத் தின்னாதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறான். வந்தவனும் இறங்கி வருகிறான், இருந்தவனும் இறங்கி வருகிறான்.

இதற்கு நேர் எதிர், தீப்பெட்டியைக் காட்டி ஊரையே மண்டியிட வைக்கும் நாயகன். மார்க் ட்வைன் 1889-இல் ஓர் அமெரிக்கத் தொழிற்சாலை மேற்பார்வையாளனை ஆர்தர் மன்னன் காலத்துக்கு அனுப்பினார். அவன் தொழிற்சாலையும் தொலைபேசியும் கொண்டுவருகிறான். முடிவில் மின்வேலியில் கருகிய பிணக்குவியலுக்கு நடுவே சிக்கிக்கொள்கிறான். நகலெடுக்கிறவர்கள் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

காலக்கணக்கை ஆரம்பத்திலேயே முடிவு செய்யுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போன புராண அரசர் ககுத்மி, பாட்டுக் கச்சேரி முடியட்டும் என்று காத்திருந்தார். அதற்குள் பூமியில் இருபத்தேழு சதுர்யுகங்கள் ஓடிவிட்டன. அவர் மனத்தில் குறித்திருந்த மாப்பிள்ளைகளின் பேரன்களுக்குப் பேரன்கள்கூட மிஞ்சவில்லை. ஜப்பானிய மீனவன் உராஷிமா கடலடி அரண்மனையிலிருந்து திரும்பும்போது கரையில் முந்நூறு ஆண்டு கழிந்திருக்கிறது.

‘எல்லாம் கனவு’ என்று கட்டிலில் எழுப்பி முடிப்பவர்கள் அயர்லாந்துப் பழங்கதை வீரன் ஒஷீனைப் படிக்கட்டும். முதுமையில்லாத நாட்டிலிருந்து வெள்ளைக் குதிரையில் ஊர் பார்க்க வருகிறான். கால் தரையில் படக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை; பட்டால் போன ஆண்டுகளெல்லாம் ஒரே நொடியில் அவன்மேல் ஏறிவிடும். வழியில் சிலர் பெரிய கல் ஒன்றைத் தூக்க முடியாமல் திணறுகிறார்கள். சேணத்தில் இருந்தபடியே குனிந்து கை கொடுக்கிறான். வார் அறுகிறது.