கத்தலுக்கு முன்னால் என்ன நடந்தது? நோட்டுப் போட்டு எழுதுங்கள்

ஆட்டிசம் உள்ள பிள்ளை கத்திக் கடித்து ரகளை செய்யும்போது யாருக்கும் மூளை ஓடாது. எனவே அந்த நேரத்தில் பேச்சைக் குறைத்து, விளக்கை அணைத்து, அடிபடக்கூடிய பொருளை மட்டும் நகர்த்திவிட்டுப் பக்கத்தில் இருங்கள், போதும். யோசிப்பதெல்லாம் அப்புறம்.

அடங்கியதும் நோட்டை எடுத்து, சற்று முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு நாம் என்ன செய்தோம் என்று நேரத்தோடு எழுதுங்கள். "இன்றும் அடம்" என்று எழுதிப் பிரயோஜனமில்லை. "காலை 7.40, மிக்ஸி ஓடியது, காதைப் பொத்தினான், கையைக் கடித்தான், டிவி போட்டேன்" என்று எழுத வேண்டும்.

இரண்டு வாரம் எழுதியதில் சட்னி அரைக்கிற நாட்களில்தான் என் மகனுக்குக் காலை ரகளை என்று தெரிந்தது. இப்போது அவன் அப்பாவோடு மொட்டை மாடிக்குப் போன பிறகுதான் மிக்ஸி. அதில் பாதி ரகளை குறைந்தது. மீதிப் பாதி டிவிக்காக, கடித்தால் டிவி வரும் என்று சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான்!

அதற்கு டிவி படம் ஒட்டிய அட்டை ஒன்று செய்து, அதை எடுத்துக் கொடுத்தால் உடனே டிவி, கடித்தால் கிடையாது என்று வைத்தோம். ஆரம்பத்தில் சில நாள் கடி கூடும், அப்போது பாவம் பார்த்துப் போட்டுவிட்டால் இன்னும் பலமாகக் கடித்தால் கிடைக்கும் என்றுதான் அவனுக்குப் புரியும். ரத்தம் வரும்படி கடிக்கிற, தலையை மோதுகிற பிள்ளையிடம் இதைத் தனியாகச் செய்யாதீர்கள், தெரபிஸ்ட் கூட இருக்கட்டும்.

ரகளை திடீரெனப் புதிதாகத் தொடங்கினால் முதலில் பல், காது, மலச்சிக்கல் பாருங்கள். பேசாத பிள்ளைக்கு வலியைச் சொல்ல வேறு வழியில்லை.

"ரெண்டு போடு போட்டா சரியாயிடும்" என்று சொல்லாத பெரியவர் கல்யாண மண்டபத்தில் உண்டா? மேளச் சத்தம் தாங்காத பிள்ளையை அடித்தால் மேளம் நிற்குமா என்ன.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு என்பதால் மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டையான யூடிஐடி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவுக்கும் அதில் இடமுண்டு.

தூக்கமே இல்லை, கடி குறையவில்லை என்றால் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள், "ரொம்பப் படுத்துறான் டாக்டர்" என்பதை வைத்து அவர் என்னதான் செய்வார்?