பந்தி முடிந்தபின் மிஞ்சும் சாப்பாடு: கொடுப்பவர்களும் எடுத்துப்போகிறவர்களும் செய்யும் தவறுகள்

பெங்களூரில் முகூர்த்த நாள் என்றால், உணவு சேகரிக்கும் குழுக்களின் போன் ராத்திரி பத்தரை மணிக்கு மேல்தான் அடிக்க ஆரம்பிக்கும். ரிசப்ஷன் முடிந்து, சொந்தக்காரர்களும் சாப்பிட்டு, மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்கப் போகும்போதுதான் யாருக்காவது அண்டாவில் இருக்கும் சோறு நினைவுக்கு வரும். "இருநூறு பேருக்கு இருக்கு, உடனே வந்து எடுத்துக்கோங்க" என்பார்கள். வண்டி அங்கே போய்ச் சேர பதினொன்றே கால் ஆகிவிடும். அந்தச் சோறு வடித்தது சாயங்காலம் ஆறரைக்கு. அதைச் சாப்பிட வேண்டியவர்கள் தூங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

இந்த நகரத்துத் திருமணங்களில் ஆண்டுக்கு 943 டன் நல்ல உணவு வீணாகிறது என்று பெங்களூரு வேளாண் அறிவியல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2012-இல் கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி வீணாவது யாருக்கும் மனசு இல்லாததால் இல்லை. சரியான நேரத்தில் ஒரு போன் போகாததால்தான். ஆகவே நேரத்தில் செய்யும் தவறுகளை முதலில் பார்ப்போம்.

கடைசியில் கூப்பிடுவது

முதல் போன் கல்யாணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே போக வேண்டும். எத்தனை இலை, எத்தனை மணிக்குப் பந்தி, சைவமா அசைவமா, யார் பொறுப்பு என்ற நான்கு விஷயம் போதும். இரண்டாவது போன் கடைசிப் பந்திக்கு முந்தைய பந்தி நடக்கும்போது. வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாலே அண்டாவில் எவ்வளவு மிஞ்சும் என்று சமையல் மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். அப்போதே வண்டி கிளம்பினால், இலை எடுக்கும் நேரத்துக்கு மண்டப வாசலில் நிற்கும்.

பெண்ணின் அப்பாவைக் கேட்டுப் பயனில்லை. அவர் அன்றைக்கு எதற்கும் பதில் சொல்லும் நிலையில் இருக்க மாட்டார். ஆனால் சாப்பாடு அவர் காசு. அதனால் அவரிடமோ, வீட்டில் பொறுப்பான ஒருவரிடமோ சம்மதத்தை முன்பே வாங்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கேட்டரிங் மாஸ்டரிடம் பேசுங்கள்.

மதியச் சாப்பாட்டில் மிஞ்சுவதைக் காப்பாற்றுவது சுலபம். இரண்டரை மணிக்கு எடுத்தால் மூன்றரைக்குள் ஆட்களிடம் சேர்த்துவிடலாம். ராத்திரி ரிசப்ஷனில் மிஞ்சும் சமைத்த உணவை, ஒன்பதரைக்குள் கைக்கு வராவிட்டால், விட்டுவிடுவதே நல்லது. கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் நடு ராத்திரியில் ஒரு குடிசைப் பகுதியில் ஆட்களை எழுப்பிக் கொடுத்தால் பாதியை மூடி வைத்துக் காலையில் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். உடம்புக்கு வருவது அங்கேதான்.

மூக்கை நம்புவது

"வாடை ஒண்ணும் வரல, நல்லாத்தான் இருக்கு" என்ற பேச்சுதான் இந்த வேலையில் மிக ஆபத்தானது. சாம்பார் நுரைத்தாலோ, கூட்டு நூல் விட்டாலோ யாருக்கும் தெரியும். சோறு அப்படிக் காட்டிக்கொடுக்காது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியிலேயே இருக்கும்; உலை கொதித்தாலும் சாகாது. வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை விடும். அந்த நச்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைப்பது அதுதான். சோற்றில் வாடையோ ருசியோ மாறியே இருக்காது.

பிரியாணிக்கும் குருமாவுக்கும் வேறொரு கிருமி உண்டு. பெரிய தேக்சாவில் இறைச்சிக் குழம்பு மெதுவாக ஆறும்போது, நடுவில் காற்றுப் புகாத இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் வேகமாக வளரும். கையில் புண்ணோ சளியோ இருப்பவர் பிசைந்த, உருட்டிய பண்டங்களில் வருவது ஸ்டாஃபிலோகாக்கஸ். அதன் நச்சும் கொதிக்க வைத்தால் போகாது.

ஆகவே மூக்கு வேண்டாம், தெர்மாமீட்டர் வேண்டும். குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். ஒவ்வொரு அண்டாவிலும் மேலே இல்லாமல் நடுவிலும் ஓரத்திலும் குத்திப் பாருங்கள். இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் கொதிநீரில் நனைத்துத் துடையுங்கள். 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் எடுக்கலாம். அதற்குக் கீழே இருந்தால் எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கினார்கள் என்று கேளுங்கள். இறக்கி இரண்டு மணி நேரம் தாண்டியிருந்தால் வேண்டாம். இரண்டு மணிக்குள் என்றால், சாம்பார், ரசம், குழம்பு எதுவானாலும் மண்டபத்து அடுப்பு அணையும் முன் அங்கேயே தளதளவென்று கொதிக்க விட்டு, நடுவில் 75 டிகிரி காட்டியபின் ஊற்றிக்கொள்ளலாம். சோற்றை அப்படிச் சூடேற்ற வழியில்லை. அடி பிடிக்கும், நடு ஆறியே கிடக்கும். அந்தச் சோறு உடனே, பக்கத்திலேயே இலையில் விழுந்தால் சரி, இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

கணக்கு அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்திலிருந்துதான். நீங்கள் எடுத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்குவது பலரும் செய்யும் பிழை. "பெங்களூர் குளிருக்கு என்ன கெடப்போகுது" என்று ஒரு நம்பிக்கையும் இங்கே உண்டு. மார்கழிக் குளிரிலும் மண்டபச் சமையற்கட்டு இருபது டிகிரிக்கு மேல்தான் இருக்கும். கிருமி வளர்வது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்.

எல்லாவற்றையும் வாரி எடுப்பது

சமையற்கட்டை விட்டு வெளியே வராத சாப்பாட்டை மட்டும் எடுங்கள். பந்தியில் சுற்றி வந்த வாளி, ஆட்கள் தாங்களே பரிமாறிக்கொண்ட பஃபே பாத்திரம், மேஜையில் வைத்த கிண்ணம் எதையும் அண்டாவில் திரும்பக் கொட்டக் கூடாது. ஒரு வாளி சாம்பாரைத் திரும்ப ஊற்றினால் மொத்த அண்டாவும் போச்சு. மாஸ்டரிடம் இதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

தேங்காய்ச் சட்னி, தயிர்ப் பச்சடி, பனீர் குழம்பு, பால் பாயசம், ரசமலாய், ஃப்ரூட் சாலட், வெட்டி வைத்த பழம், மயோனைஸ் போட்ட எதுவும் வேண்டாம். தேங்காய் தூவிய பொரியல் மதியம் ஒரு மணி நேரத்துக்குள் போகுமானால் சரி, ராத்திரிக்கு வேண்டாம். தயிர்சாதத்தில் தகராறு வரும், ஏனென்றால் எல்லோருக்கும் அதன்மேல் பாசம். கல்யாணச் சமையலில் புளிக்காமல் இருக்கப் பாலை நிறைய ஊற்றித் தயிரைக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். புளிப்பு இல்லாததால் அதற்குக் காவலும் இல்லை. மிஞ்சிய தயிர்சாதத்தைத் தொடாதீர்கள்.

சுட்ட சப்பாத்தி, பூரி, இட்லி, மைசூர்பாகு, லட்டு, ஜாங்கிரி எல்லாம் பயமில்லாமல் எடுக்கலாம். இவற்றை ஓர் அட்டைப் பெட்டியில் திணித்தால் இட்லி நசுங்கி வேர்த்துவிடும். அகலமான தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, துணி போட்டு மூடுங்கள்.

பாத்திரம்

கேட்டரிங்காரரின் அண்டாவை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது பழக்கமாக இருக்கிறது. மறுநாள் அது திரும்ப வரவில்லை என்றால் அவர் அடுத்த கல்யாணத்தில் உங்களைக் கூப்பிட மாட்டார். 20 லிட்டர் எவர்சில்வர் டிரம், கிளிப் போட்டு மூடும் மூடியோடு, நான்கைந்து வைத்துக்கொள்ளுங்கள். சோறு நிறைந்தால் ஒன்றை இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கலாம். சோறு போடும் முன் டிரம்மில் கொதிநீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுங்கள். சுத்தமும் ஆகும், எவர்சில்வர் சூடேறி சோற்றின் சூட்டை இழுக்காமலும் இருக்கும். டிரம்மைச் சுற்றிப் பழைய கம்பளி கட்டினால் ஒரு மணி நேரப் பயணத்தில் அதிகம் ஆறாது.

சுடுசோற்றைப் பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டுவது மிக மோசம். நீராவி உள்ளே சொட்டி, சோறு குழைந்து, வெதுவெதுப்பாகவே கிடக்கும். "ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் கொடுக்கலாம்" என்ற யோசனையும் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஒத்துவராது. இருபது கிலோ சுடுசோற்றை வைத்தால் சோறு ஆறாது, ஃப்ரிட்ஜில் இருக்கும் பாலும் சேர்ந்து கெடும். 60 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்தில், அங்கிருந்து 5-க்கு அடுத்த நான்கு மணி நேரத்தில் கொண்டுவர வேண்டும். அதற்கு இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாத தட்டுகளும் பெரிய குளிரறையும் வேண்டும். அது இல்லாதவர்கள் சூடாக எடுத்துச் சூடாகவே கொடுத்து முடித்துவிட வேண்டும்.

கண்ணால் அளப்பது

"இருநூறு பேருக்கு" என்பது பெரும்பாலும் எண்பது பேருக்காகத்தான் இருக்கும். சில நேரம் நானூறு பேருக்கு இருக்கும். டிரம்மால் அளந்து சொல்லச் சொல்லுங்கள். ஒரு 20 லிட்டர் டிரம்மில் சோறு 14 முதல் 15 கிலோ பிடிக்கும். ஆளுக்கு 300 கிராம் என்றால் ஐம்பது பேர். அதே டிரம் சாம்பார், ஆளுக்கு 150 மில்லி என்று ஊற்றினால் நூற்று முப்பது பேருக்கு வரும். ஏறக்குறைய மூன்று டிரம் சோற்றுக்கு ஒரு டிரம் சாம்பார். சோறு மட்டும் மிஞ்சி, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை என்றால், கிளம்பும் முன்பே போகும் இடத்தில் குழம்புக்கு வழி செய்யுங்கள். வெறும் சோற்றை யாரும் மூன்று வாய்க்கு மேல் சாப்பிட மாட்டார்கள், மீதி அங்கே குப்பைக்குப் போகும்.

எங்கே கொடுப்பது

முன்னறிவிப்பு இல்லாமல் குழந்தைகள் இல்லத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ போகாதீர்கள். ஏழரை மணிக்கு அங்கே சமைத்து முடித்திருப்பார்கள். நீங்கள் கொண்டுபோன பிரியாணியைப் பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிடும். அங்கே வடித்த சோறு வீணாகும். ஒரு மண்டபத்துக் குப்பையை இன்னொரு சமையற்கட்டுக்கு மாற்றியதுதான் மிச்சம். காலையிலேயே சொல்லி, அவர்கள் உலை வைக்காமல் இருந்தால் மட்டும் போங்கள்.

கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனை, நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை வாசல்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வந்து நாள்கணக்கில் தங்கியிருக்கும் நம் ஆட்களைப் பார்க்கலாம். நோயாளிக்குச் செலவு செய்து, தாங்கள் டீயும் பன்னுமாக ஓட்டுகிறவர்கள். மதியச் சாப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால் உடன் இருப்பவர்களுக்கு மட்டும் கொடுங்கள், நோயாளிகளுக்கு வேண்டாம். கீமோதெரபியில் இருப்பவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத சாப்பாடு அவர்களைப் படுக்க வைத்துவிடும். கொடுக்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அண்ணே, இது உங்களுக்கு. உள்ள இருக்கறவங்களுக்கு வேண்டாம், அவங்களுக்கு டாக்டர் சொன்னதையே கொடுங்க."

கட்டடத் தொழிலாளர் கொட்டகைகளுக்குப் போவதானால் மேஸ்திரியிடம் முதல்நாளே பேசுங்கள். அசைவம் என்றால் எந்த இறைச்சி, ஹலாலா என்று ஒரு சீட்டில் எழுதி டிரம்மில் ஒட்டுங்கள். பசியோடு இருப்பவருக்கும் எதைச் சாப்பிடுவது, எதைத் தவிர்ப்பது என்ற உரிமை உண்டு. சாப்பிடும் முகத்தைப் படம் பிடிக்காதீர்கள். நன்கொடையாளர் படம் கேட்டால் டிரம்மைப் பிடித்து அனுப்புங்கள்.

ஏட்டில் எழுதாமல் விடுவது

மிஞ்சும் உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்றே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) 2019-இல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதை வழக்கமாகச் செய்யும் அமைப்பு பதிவு செய்துகொள்ள வேண்டும், யாரிடமிருந்து என்ன வாங்கி எங்கே கொடுத்தது என்று குறித்து வைக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: மண்டபம், பண்டம், இறக்கிய நேரம், எடுக்கும்போது சூடு, கொடுத்த இடம், கொடுத்து முடித்த நேரம். யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் எந்த அண்டா என்று அந்த நோட்டுதான் சொல்லும். மறுநாள் காலையில் கொடுத்த இடத்துக்கு ஒரு போன் போட்டு எல்லோரும் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்பதும் வேலையில் சேர்ந்ததுதான்.

உக்கிராணத்தை மறப்பது

எல்லோரும் அண்டாவையே பார்ப்பார்கள். ஆபத்தே இல்லாமல் காப்பாற்றக்கூடியது உக்கிராண அறையில் இருக்கிறது: பிரிக்காத அரிசி மூட்டை, உடைக்காத தேங்காய், நறுக்காத பூசணி, பருப்பு, எண்ணெய். ஒரு கிலோ அரிசி இரண்டரை முதல் மூன்று கிலோ சோறாகும். கடைசி உலைக்கு 25 கிலோ மூட்டையைப் பிரிக்காமல் விட்டால் இருநூறு பேருக்கு மேல் சோறு, மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். இதற்கு மாஸ்டரிடம் ஒரே ஓர் ஏற்பாடு பேச வேண்டும்: மொத்த அரிசியையும் ஒரே மூச்சில் வடிக்காமல், கடைசிப் பந்திக்கு ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டு உலை வைப்பது. நல்ல மாஸ்டர்கள் சொல்லாமலே இப்படித்தான் செய்வார்கள். சோறு பற்றாமல் போய்விடுமோ என்ற பயத்தில் வீட்டுக்காரர்தான் அவரை அவசரப்படுத்துவார். எண்ணிய கணக்குக்கு மேல் இருபது பேருக்குக் கூடுதலாக வடித்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்தால் அந்தப் பயமும் தீரும்.

வேண்டாம் என்று ஒதுக்கியதை மாட்டுக்குக் கொட்டுவது

எடுக்காமல் விட்ட சோற்றைத் தெருவில் திரியும் மாடுகளுக்குக் கொட்டுவது புண்ணியம் என்று நினைக்கிறார்கள். வைக்கோலும் புல்லும் தின்று பழகிய மாடு ஒரேயடியாக அண்டாச் சோற்றைத் தின்றால் இரைப்பையில் அமிலம் ஏறி, வயிறு உப்பி, சில நேரம் செத்தே போகும். ஒதுக்கியதை இலை, பிளாஸ்டிக் கப், டிஷ்யூ எல்லாம் பிரித்து எடுத்துவிட்டு ஈரக் குப்பையில் போடச் சொல்லுங்கள். மண்டபத்துக்கு உரக்குழியோ சாண எரிவாயுக் கலனோடு ஏற்பாடோ இருந்தால் அங்கே போகட்டும். அதில் எண்ணெய் மிதக்கும் குழம்பை மட்டும் வடித்துத் தனியாக வைக்க வேண்டும். அதிக எண்ணெய் போனால் கலனில் வாயு உற்பத்தி படுத்துவிடும்.