லீஃப் ஸ்பிரிங் மசில் காரின் பின்பக்கப் பிடிமானம்: எதை வாங்குவது, எதை முதலில் பார்ப்பது

மஸ்டாங், முதல் தலைமுறை கமாரோ, நோவா, டார்ட், ரோட் ரன்னர், சேலஞ்சர் என்று எந்தப் பழைய மசில் காரின் (பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்கக் காரின்) அடியில் குனிந்து பார்த்தாலும் பின்னால் ஒரே ஏற்பாடுதான்: கனமான ஆக்சில், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு லீஃப் ஸ்பிரிங் (வளைந்த எஃகுப் பட்டை), இரண்டு ஷாக் (அதிர்வு அடக்கி). (செவெல், ஜிடிஓ மாதிரி கார்களில் பின்னால் காயில் ஸ்பிரிங். இங்கே சொல்வது அவற்றுக்கு ஒத்துவராது.) இந்த ஏற்பாட்டில் எஞ்சின் பலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கிளட்சை விட்டதும் பின்பக்கம் தடதடவென்று குதிக்கும், டயர் புகையும், கார் நகராது. உடனே எல்லோரும் கேட்பது "எந்த டிராக்‌ஷன் பார் நல்லது?" (ஆக்சில் முறுக்கிக்கொள்ளாமல் தடுக்க மாட்டும் பார்) என்றுதான். அதற்கு முன்னால் ஸ்பிரிங்கின் முன்பாதி என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் கடையில் விற்கும் ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு வழியில் அந்த முன்பாதியைத்தான் கையாள்கிறது.

லீஃப் ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குவதோடு நிற்பதில்லை. ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்துவைப்பதும் அதுதான், சக்கரம் தள்ளும் விசையை பாடிக்குக் கொண்டுபோவதும் அதுதான். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது ஆக்சில் ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக்கூடு) எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும், அதாவது பினியன் மூக்கு (எஞ்சின் முறுக்கு உள்ளே வரும் அதன் முன்முனை) மேலே எழும். அப்போது ஸ்பிரிங்கின் முன்பாதி மேல்நோக்கியும் பின்பாதி கீழ்நோக்கியும் வளைந்து நெளிந்துவிடும். ஆக்சில் ராப் என்பது இதுதான். டயர் பிடி விட்ட அடுத்த கணம் நெளிந்த பட்டை திரும்பி உதைக்கும், டயர் மறுபடி பிடிக்கும், மறுபடி நெளியும். இது நொடிக்குப் பல தடவை நடப்பதுதான் வீல் ஹாப். சத்தம்தானே என்று விட்டுவிடாதீர்கள், யூ ஜாயின்ட், ஸ்பிரிங் பட்டை, ஷாக் மவுண்ட் எல்லாம் உடைவது இதனால்தான்.

இதில் ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. மூக்கு மேலே எழும் அந்த விசை ஸ்பிரிங்கின் முன் கண் (பாடியோடு போல்ட் போட்டு மாட்டும் முன்முனை வளையம்) வழியாக பாடியை மேலே தூக்குகிறது, அதே அளவுக்கு டயரைக் கீழே அழுத்துகிறது. முன்பாதி விறைப்பாக இருந்தால் இந்த அழுத்தம் உடனே டயருக்குப் போய்ச் சேரும், தொளதொளவென்று இருந்தால் பட்டையை நெளிப்பதிலேயே வீணாகும். கிரைஸ்லர் பொறியாளர்கள் ஆக்சிலை ஸ்பிரிங்கின் நடுவில் வைக்காமல் முன்னால் தள்ளி வைத்ததால் முன்பாதி குட்டையாகவும் விறைப்பாகவும் அமைந்தது. அந்தக் கார்கள் பெரிதாக எதையும் மாட்டாமலே ஓரளவு நன்றாகப் பிடிப்பதற்கு அது முக்கியக் காரணம்.

சரி, வாங்கும் முன் பார்க்க வேண்டியவை. முதலில் டயர். காலாவதியான, இறுகிப்போன ரப்பரை வைத்துக்கொண்டு சஸ்பென்ஷனில் பணம் போடுவதில் அர்த்தமே இல்லை. இரண்டாவது டிஃபரன்ஷியல், அதாவது முறுக்கை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துக்கொடுக்கும் கியர் தொகுதி. ஓபன் டிஃபரன்ஷியல் என்றால் வலது பின் டயர் மட்டும் புகையும். புரொப்பல்லர் ஷாஃப்டின் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு வரும் தண்டு) முறுக்கு ஆக்சிலின் வலது முனையை மேலே தூக்கப் பார்க்கும் என்பதால் அந்த டயரில்தான் எடை குறையும். பாசிட்ராக்‌ஷனோ ஷ்யூர் கிரிப்போ அந்தக் காருக்குப் பொருந்துகிற ஏதோ ஒரு லிமிடெட் ஸ்லிப் (ஒரு டயர் மட்டும் சுழன்று வீணாவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) இல்லாமல் எந்த பாரும் முழுப் பலன் தராது. மூன்றாவது, இருக்கிற ஸ்பிரிங்கின் நிலை. அரை நூற்றாண்டு பழைய பட்டை தொய்ந்து தட்டையாகியிருக்கும், முன் கண்ணின் ரப்பர் புஷ் நைந்திருக்கும், சென்டர் போல்ட் தேய்ந்திருக்கும். காரை உயர்த்த ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே யாராவது கட்டை வைத்திருந்தால் அதை முதலில் கழற்றுங்கள், அந்த உயரம் நெம்புகோலாக மாறி நெளிவை அதிகமாக்கும். அதே மாதிரி காரைத் தூக்க ஏர் ஷாக் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், ஷாக் மவுண்ட் காரின் எடையைச் சுமக்கச் செய்யப்பட்டதில்லை.

மஸ்டாங், கமாரோ, மோபார் (கிரைஸ்லர் நிறுவன) யூனிபாடி (தனிச் சட்டகம் இல்லாத) கார்களுக்கு சப்ஃபிரேம் கனெக்டரை (முன் பின் சட்டங்களை இணைக்கும் இரும்பை) நான் இந்த முதல் வரிசையிலேயே சேர்ப்பேன். பாடி முறுக்கிக்கொண்டால் இரண்டு பின் டயருக்கும் சமமாக எடை போகாது, ஸ்பிரிங்கில் செய்யும் நுணுக்கமான சரிக்கட்டல் எல்லாம் அந்த முறுக்கிலேயே தொலைந்துவிடும்.

இனி பாகங்கள். மிகக் குறைந்த செலவில் தொடங்க வேண்டுமானால் ஸ்பிரிங்கின் முன்பாதிப் பட்டைகளை கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, பின்பாதி கிளாம்பைத் தளர்த்திவிடுங்கள். முன்பாதி ஒரே பட்டை மாதிரி விறைக்கும், பின்பாதி தாராளமாக அசையும். மோபார்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இது, மிதமான எஞ்சினுக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம். அவர்களிடம் இன்னொன்றும் உண்டு, பினியன் ஸ்னபர். பினியன் மூக்கின் மேல் ஒரு ரப்பர் முட்டு, மூக்கு எழும்போது அது தரைத்தகட்டில் முட்டி நிற்கும், உயரத்தை மாற்றிக்கொள்ளும் வகையும் கிடைக்கிறது. அந்த இடத்தில் தகடு வலுவூட்டப்பட்ட காராக இருந்தால் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் தரை ஒடுங்கிவிடும். இழுவைப் பந்தயத்துக்கென்றே (நேர்கோட்டு டிராக் ரேஸ்) வந்த மோபார் சூப்பர் ஸ்டாக் ஸ்பிரிங்குகள் இடது வலது வேறு வேறாக இருக்கும், வலது பக்கம் எடை குறைவதை ஈடுகட்ட. கார் நிற்கும்போது வலது பக்கம் கொஞ்சம் உயரமாகத் தெரியும், அது இயல்புதான்.

ஸ்லாப்பர் பார் என்ற பழைய வகை இன்றும் விற்கிறது. ஆக்சிலுக்கு அடியில் யூ போல்ட்டோடு சேர்த்துப் பிணைத்த ஒரு பார், அதன் முன்நுனியில் ரப்பர் முட்டு. ஹவுசிங் சுழலும்போது அந்த முட்டு மேலே வந்து ஸ்பிரிங்கில் இடித்து நெளிவை நிறுத்தும். விலை குறைவு, வெல்டிங் வேண்டாம், ஒரு மதியத்தில் மாட்டிவிடலாம். ஆனால் வாங்கும்போது பாரின் நீளத்தைப் பாருங்கள். முட்டு ஸ்பிரிங்கின் முன் கண்ணுக்கு நேர் கீழே வந்து சேர வேண்டும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் குட்டை பார்களில் முட்டு பட்டையின் நடுவில் போய் இடிக்கும், அது பட்டையை வளைக்குமே தவிர பாடியைத் தூக்காது. மேடுபள்ளத்தில் டக்டக்கென்று தட்டுவதும், தரையிலிருந்து உயரம் குறைவதும் இதோடு வரும் குறைகள்.

கால்ட்ராக் வகை இதைவிட வெகு தூரம் முன்னேறியது, தெருவிலும் ஓட்டி பந்தயத்துக்கும் போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். முன் கண்ணின் போல்ட்டிலேயே ஒரு முக்கோணத் தகடு சுழலும்படி இருக்கும், ஆக்சிலின் அடியிலிருந்து ஒரு பார் அதற்கு வரும். ஹவுசிங் சுழன்றால் அடிப்பக்கம் முன்னால் நகரும், பார் தகட்டைத் தள்ளும், தகடு பட்டையின் முன்பாதியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும். எங்கே நெளியப் பார்க்கிறதோ அதே இடத்தில் அழுத்தம் விழுகிறது, முறுக்கு அதிகமாக அதிகமாக அழுத்தமும் அதிகமாகிறது. சாதாரணமாக ஓட்டும்போது ஸ்பிரிங் தன்பாட்டுக்கு வேலை செய்யும். நெளிவை பார் பார்த்துக்கொள்வதால் மென்மையான ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கைக்கூட இதோடு சேர்த்துப் போடலாம்.

லேடர் பார் (ஆக்சிலிலிருந்து முன்னோக்கிப் போகும் ஏணி வடிவ பார்) முழுநேரப் பந்தயக் காருக்கு. லீஃப் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டே மாட்டினால் பாரும் ஸ்பிரிங்கும் வெவ்வேறு வளைவில் நகர்ந்து ஒன்றையொன்று இறுக்கும், அதைத் தவிர்க்க ஸ்பிரிங்கைத் தனியாக நகரவிடும் ஃப்ளோட்டர் ஹவுசிங்கில் வேண்டும், பாடியில் குறுக்குச் சட்டம் வெல்ட் செய்ய வேண்டும். தெருக்காருக்கு வேண்டாம்.

வளைவுகளில் ஓட்டத்தான் காரை வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்தக் காலத்துத் தொழிற்சாலைகள் செய்ததையே பாருங்கள். 1967 கமாரோவின் வேகமான மாடல்களில் வலது பக்கம் மட்டும் ஒரு டிராக்‌ஷன் பார் வந்தது. 1968இல் ஷாக்குகளை ஒன்று ஆக்சிலுக்கு முன்னால், ஒன்று பின்னால் என்று மாற்றி வைத்தார்கள். மேனுவல் கியர் 428 கோப்ரா ஜெட் மஸ்டாங்கிலும் இதே முறைதான். ஹவுசிங் எந்தப் பக்கம் சுழன்றாலும் ஷாக்குகள் அதைத் தடுக்கும். கிளட்ச் கார்களுக்கு இது கூடுதல் பலன், ஆட்டோமேட்டிக்கில் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலான திரவ இணைப்பு) அடியை மென்மையாக்கிவிடும், கிளட்சில் முறுக்கு ஒரேயடியாக வந்து விழும். நல்ல மல்டி லீஃப் (பல பட்டை) ஸ்பிரிங், நல்ல ஷாக், இந்த அமைப்பு, இவ்வளவு இருந்தால் மிதமான பலத்துக்கு பாரே வேண்டியிருக்காது.

எதைப் போட்டாலும் பினியன் கோணத்தை (பினியன் மூக்குக்கும் புரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் இடையிலான கோணத்தை) அளந்தே தீர வேண்டும். நிற்கும்போது மூக்கு கொஞ்சம் கீழே பார்த்திருந்தால், முறுக்கு வரும்போது எழுந்து நேராகும். நெளிவைத் தடுக்க எதுவும் இல்லாத லீஃப் ஸ்பிரிங் இழுவைக் காருக்கு 5 முதல் 7 டிகிரி வரை கீழே வைப்பார்கள். நல்ல பார் போட்டபின் அவ்வளவு தேவையில்லை, 2 டிகிரி சுற்றிலேயே தொடங்கலாம். ஸ்டாண்டில் தூக்கிவைத்து அளக்காதீர்கள், காரின் முழு எடையும் சக்கரத்தில் இருக்க வேண்டும். மூக்கைக் கீழே கொண்டுவர ஆக்சில் இருக்கைக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வைக்கும்போது தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். அலுமினிய ஆப்பு நசுங்கும், இரும்பில் வாங்குங்கள்.

பிரீலோடு, அதாவது பாரை முன்கூட்டியே இறுக்கிவைப்பது, கடைசி வேலை. ஓட்டுநர் இருக்கையில் ஆளை உட்காரவைத்து இரண்டு பாரையும் இடைவெளி இல்லாமல் லேசாகத் தொடும்வரை இறுக்குங்கள், ஓட்டிப் பாருங்கள். கிளம்பும்போது கார் வலது பக்கம் போனால் இடது டயர் மட்டும் நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தம், வலது பாரைக் கொஞ்சம் கூட்டுங்கள். இடது பக்கம் போனால் குறைத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். யாரையாவது பக்கவாட்டில் நின்று பின் டயரும் பம்பரும் தெரிய வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டயர் முதலில் பிடித்து அப்புறம் விட்டுவிடுகிறது என்றால் பின் ஷாக் விரிவதை இறுக்கமாக்க வேண்டும், அதனால் ஷாக் வாங்கும்போதே அட்ஜஸ்ட் செய்யக்கூடியதாக வாங்குங்கள். முன்பக்கம் எவ்வளவு எழுந்தது என்பதையும் வீடியோவில் பாருங்கள். முன்பக்கம் எழவே இல்லையென்றால் பின்னால் எடை வரவில்லை, பாரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாட்டும்போது முன் கண் போல்ட்டில் ரப்பர் புஷ் இருந்தால் கார் தரையில் நின்றபிறகே கடைசி இறுக்கு கொடுங்கள், காற்றில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். புது ஸ்பிரிங் சில வாரத்தில் படிந்து உயரம் குறையும், அப்போது யூ போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்கி, பினியன் கோணத்தையும் பிரீலோடையும் திரும்ப அளந்து சரிசெய்துகொள்ளுங்கள்.