ஷிஹு சூப் வைப்பதற்கு முன்

சிங்கப்பூரில் எங்கள் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி ஒருநாள் என் உள்ளங்கையில் மெட்டி மாதிரிச் சுருண்ட ஒன்றை வைத்தார். மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். "ஆர்க்கிட் தண்டு, சூப் வைத்துக் குடி" என்றார். டெண்ட்ரோபியம் ஆர்க்கிட்டின் தண்டை இளஞ்சூட்டில் வாட்டி முறுக்கிக் காயவைத்தது அது. பெயர் தியெபி ஷிஹு. உணவாகவும் பயன்படுத்தலாம் என்ற மருந்துப் பொருள்களின் பட்டியலில் சீன அரசு 2023 நவம்பரில் இதைச் சேர்த்தது.

அதற்காகப் பூக்கடை ஆர்க்கிட்டைக் கிள்ளிச் சட்டியில் போட்டுவிடாதீர்கள். அது ஜாடிக்காக வளர்த்தது, பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். தட்டை அலங்கரிக்கவும் உண்பதற்கென்றே வளர்த்த பூதான் வேண்டும். எல்லா டெண்ட்ரோபியமும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். நோபிலே என்ற வகையில் டெண்ட்ரோபைன் என்ற ஆல்கலாய்டு (செடியில் உருவாகும் வீரியமான ஒரு வேதிப்பொருள்) இருக்கிறது, அளவு மீறினால் நஞ்சு. மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது.

நான் சீன மருந்துக்கடையில், வகையின் பெயர் அச்சிட்ட பாக்கெட்டாகத்தான் வாங்குவேன். பண்ணையில் விளைந்ததா என்றும் கேட்பேன். காட்டில் பறித்துப் பறித்தே இந்தச் செடி அரிதாகிவிட்டது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் வருவதால், ஊருக்குப் போகும்போது பெட்டியில் போடுமுன் அனுமதி வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டை மென்று பார்ப்பேன். நல்ல சரக்கு வெண்டைக்காய் மாதிரி வழவழக்கும், சக்கை அதிகம் மிஞ்சாது. கசந்தால் அந்தப் பாக்கெட்டைச் சமையலுக்கு எடுக்க மாட்டேன்.

சீன மருந்தியல் நூல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 12 கிராம் என்கிறது. நான் நாலு பேர் குடிக்கும் சட்டிக்கே 12 கிராம்தான் போடுகிறேன். கழுவி, ஒரு மணி நேரம் ஊறவைத்து, தட்டி, கோழி எலும்போடும் கோஜி பெர்ரி என்ற சின்னச் சிவப்பு உலர்பழத்தோடும் சிறு தீயில் இரண்டு மணி நேரம் வேகவிடுவேன். அவசரப்பட்டால் தண்டிலிருந்து ஒன்றும் இறங்காது.

தொண்டை வறட்சிக்கும் வயிற்றுக்கும் நல்லது என்பது சீன மருத்துவத்தின் கணக்கு. காய்ச்சல் தொடங்கும் நேரத்திலும் நாக்கில் மாவு படிந்திருக்கும்போதும் கூடாது என்பதும் அதே கணக்குதான். என் மாமியார் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். அவருடைய டாக்டரிடம் பாக்கெட்டைக் காட்டிக் கேட்கும்வரை அவருக்கு ஒரு கிண்ணம்கூட ஊற்றவில்லை. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில், பதிவுபெற்ற சீன மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சூப் இறக்கியபின் அடியில் கிடக்கும் தண்டை ஆன்ட்டி வீணாக்குவதில்லை. மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு, தண்டை மென்று சக்கையைத் துப்பிவிடுவார்.