செழிப்பு முதல் குடிமை உரிமை வரை: அமெரிக்க வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்களும் தேர்வுக்காகப் படிக்கிறவர்களும் அதைப் பெரும்பாலும் இரண்டு தனிக் கதைகளாகவே வைத்துக்கொள்கிறார்கள். 1920களின் செழிப்பு, 1929 பங்குச்சந்தை வீழ்ச்சி, ரூஸ்வெல்ட், உலகப்போர் என்பது ஒரு பொருளாதாரக் கதை. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தொடங்கி மார்ட்டின் லூதர் கிங்கோடு முடிகிற குடிமை உரிமைக் கதை மற்றொன்று. பிற தவறுகளில் பலவும் இந்தப் பிளவிலிருந்தே பிறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. செழிப்பு யாரிடம் போய்ச் சேர்ந்தது, நிவாரணப் பணம் யார் கைக்குப் போனது என்று கேட்காமல் முதல் கதையைக் கடந்துவிட்டால், இரண்டாம் கதையில் மக்கள் ஏன் தெருவுக்கு வந்தார்கள் என்பது விளங்காமலே போய்விடும்.

1920களை நாடு முழுவதும் பணம் புரண்ட காலமாக எழுதுவதை முதலில் கைவிட வேண்டும். நகரங்களைப் பொறுத்தவரை அது பெரிதும் உண்மையே. ஃபோர்டின் மாடல் டி கார் 1925 வாக்கில் 300 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. வானொலிப் பெட்டி தவணை முறையில் வீடுகளுக்குள் வந்தது. ஆனால் 1920 மக்கள்தொகைக் கணக்கின்படி அமெரிக்கர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கிராமப்புறத்தில் வாழ்ந்தார்கள். உழவர்களுக்கு மந்தம் 1929இல் அல்ல, 1920இலேயே தொடங்கிவிட்டது. முதல் உலகப்போரின்போது ஐரோப்பாவுக்குத் தானியம் அனுப்புவதற்காகக் கடன் வாங்கி நிலத்தை விரிவாக்கியவர்கள், போர் முடிந்து ஐரோப்பிய வயல்கள் மீண்டும் விளையத் தொடங்கியதும் விலைச் சரிவில் சிக்கினார்கள். பருத்தியின் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. அந்தப் பத்தாண்டில் 5,000க்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை சிற்றூர் வங்கிகள். பண்ணை விளைபொருள்களுக்கு விலை ஆதரவு அளிக்கும் மசோதாவைக் குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் 1927இலும் 1928இலும் தம் மறுப்பாணையால் தடுத்தார். 1930இல்கூடப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது.

அந்தப் பத்தாண்டைத் தளைகள் தளர்ந்த, தாராள மனங்கொண்ட காலமாக வருணிப்பதிலும் எச்சரிக்கை தேவை. 1923இல், அமெரிக்காவில் குடியேறிய இந்தியரான பகத் சிங் திண்டு என்பவரின் வழக்கில், இந்தியர்கள் சட்டம் கூறும் வெள்ளையர் என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள், எனவே அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே குடியேற்றத்தைக் கடுமையாகச் சுருக்கும் சட்டம் வந்தது. இந்தியர்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறக்க 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பங்குச்சந்தை வீழ்ச்சியும் பெருமந்தமும் ஒன்றே என்று எழுதுவதுதான் மிகப் பரவலான தவறு. 1929 அக்டோபர் 24, 28, 29 ஆகிய நாள்களின் சரிவு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அன்றைய சுமார் 12 கோடி மக்களில் பங்குத் தரகர்களிடம் கணக்கு வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேரே. 1930 ஏப்ரலுக்குள் பங்கு விலைகள் இழப்பில் ஒரு பகுதியை மீட்டும் விட்டன. சாதாரண மக்களைப் படுகுழியில் தள்ளியது அதற்குப் பின் அலை அலையாக வந்த வங்கிச் சரிவு. 1930 டிசம்பரில் நியூயார்க்கில் பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ் மூடப்பட்டது. பெயரைப் பார்த்து அதை அரசு வங்கி என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தனியார் வங்கி. 1931 செப்டம்பரில் நாணயத்தின் மதிப்பைத் தங்கத்தோடு பிணைக்கும் தங்க அடிப்படையைப் பிரிட்டன் கைவிட்டதும், தங்கம் வெளியேறாமல் தடுக்க அமெரிக்காவின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் வட்டி விகிதத்தை உயர்த்தியது. கடன் கிடைக்காமல் தவித்த தொழில்களுக்கு அது மேலும் ஓர் அடியாக விழுந்தது. 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் முறிந்தன. 1929இல் 3 விழுக்காடு அளவில் இருந்த வேலையின்மை 1933இல் 25 விழுக்காட்டை எட்டியது. காரணத்தை ஓர் அக்டோபர் வாரத்தில் மட்டும் தேடுகிறவர்களுக்கு இந்த மூன்றரை ஆண்டுகள் கண்ணில் படுவதே இல்லை.

அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஹூவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார் என்பதும் சரியன்று. வங்கிகளுக்கும் ரயில் நிறுவனங்களுக்கும் கடன் கொடுக்க 1932இல் மறுசீரமைப்பு நிதிக் கழகத்தை அமைத்தவர் அவரே. அந்த ஆண்டுத் தேர்தல் பிரசாரத்தில் அரசுச் செலவை 25 விழுக்காடு குறைப்பதாக வாக்களித்தவர், அவரை எதிர்த்துப் போட்டியிட்டு வென்ற ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட். ஹூவர் செய்தது போதவில்லை, நேரடி நிவாரணத்தை அவர் எதிர்த்தார் என்று எழுதினால் அது நியாயமான விமர்சனம்.

மந்தத்திலிருந்து நாட்டை மீட்க ரூஸ்வெல்ட் கொண்டுவந்த நியூ டீல் திட்டங்கள்தான் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி. அவசரத்தில் அதிகம் தவறு நேர்வதும் இங்கேதான். அவை மந்தத்தை முடித்துவைத்தன என்று ஒரு வரியில் எழுதிவிட முடியாது. 1937 வரை வேலையின்மை வெகுவாகக் குறைந்தது. அரசு செலவைச் சுருக்கியதும் 1937-38இல் மறுபடி ஏறியது. முழு வேலைவாய்ப்பு போர் உற்பத்தியோடுதான் வந்தது. இதைவிட முக்கியமான கேள்வி, திட்டங்களின் பணம் எந்த வழியாகப் பாய்ந்தது என்பது. 1933 கோடையில் பருத்தி விலையை உயர்த்துவதற்காக, முளைத்து நின்ற பயிரைச் சுமார் ஒரு கோடி ஏக்கரில் உழுது அழிக்க வேளாண் சீரமைப்புச் சட்டத்தின் கீழ் அரசு இழப்பீடு கொடுத்தது. காசோலை நிலவுடைமையாளரின் பெயருக்கு வந்தது. அந்த நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பம் தன் பங்கை அவர் கொடுத்தால் பெறலாம். பழைய கடனில் கழித்துக்கொண்டேன் என்று அவர் கணக்குப் புத்தகத்தைக் காட்டினால் ஒன்றும் கிடைக்காது. பயிரிடும் பரப்பு குறைந்ததால் ஆள் தேவையும் குறைந்து, பல குடும்பங்கள் குடிசையையே விட்டு வெளியேற்றப்பட்டன. அவர்களில் கறுப்பினத்தவரும் ஏழை வெள்ளையரும் இருந்தார்கள். 1934இல் ஆர்கன்சா மாநிலத்தின் டைரன்சா என்ற ஊரில் இரு இனத்தவரும் சேர்ந்து தெற்குக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கியதற்கு இந்த வெளியேற்றங்களே காரணம். குடிமை உரிமை வரலாறு எழுதுகிறவர்கள் இந்தச் சங்கத்தைத் தவறவிடுவது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

1935 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் முதியோர் காப்பீடும் இப்படிப்பட்டதே. பண்ணைத் தொழிலாளரும் வீட்டு வேலை செய்வோரும் அதில் சேர்க்கப்படவில்லை. கறுப்பினத் தொழிலாளரில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த இரு வேலைகளில்தான் இருந்தார்கள். தென்மாநில உறுப்பினர்களின் அழுத்தத்தால் இது நேர்ந்ததா, அத்தகைய தொழிலாளரிடம் வரி வசூலிப்பது கடினம் என்று கருவூலத் துறை சொன்னதால் நேர்ந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்கள் உடன்படவில்லை. எனவே நோக்கத்தைப் பற்றி முடிந்த முடிவாக எழுதக் கூடாது. விளைவைப் பற்றி ஐயம் எதுவும் இல்லை. அதே வேளையில், நியூ டீல் வெள்ளையருக்காக மட்டுமே என்று மறுமுனைக்குப் போவதும் பிழை. பொதுப்பணித் திட்டங்களில் கறுப்பினத்தவர் பெருமளவில் வேலை பெற்றார்கள். லிங்கனின் குடியரசுக் கட்சிக்கே தலைமுறைகளாக வாக்களித்துவந்த அவர்கள் 1936இல் ரூஸ்வெல்ட் பக்கம் திரும்பினார்கள்.

போர்க்காலத்தை இரு கதைகளுக்கும் இடையிலான இடைவேளையாகக் கருதக் கூடாது. ரயில் பணியாளர் சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டன் நோக்கிப் பெரும் பேரணி நடத்தப்போவதாக எச்சரித்த பிறகே, 1941 ஜூனில் பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஆணையை ரூஸ்வெல்ட் பிறப்பித்தார். அடுத்த ஆண்டு அவர் பிறப்பித்த இன்னோர் ஆணையால் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். போர் முடிந்தபின் படைவீரர்களுக்குக் கிடைத்த வீட்டுக்கடனும் கல்வி உதவியும் ஒரு நடுத்தர வகுப்பையே உருவாக்கின என்று புகழ்ந்து எழுதுகிறவர்கள், 1947இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் எடுத்த கணக்கெடுப்பையும் பார்க்க வேண்டும். அங்கே வழங்கப்பட்ட 3,200க்கும் மேற்பட்ட கடன்களில் இரண்டு மட்டுமே கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தன.

அலபாமா மாநிலத்தின் மான்ட்காமரி நகரத்தில் கறுப்பினத்தவர் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பைக் களைத்துப்போன ஒரு தையற்காரப் பெண்மணியின் திடீர்ச் செயலாகச் சொல்வது, கேட்க இதமாக இருந்தாலும், அந்தப் பெண்மணிக்கே இழைக்கும் அநீதி. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸுக்கு வயது 42. அவர் கறுப்பின உரிமைச் சங்கமான என்ஏஏசிபி-யின் உள்ளூர்க் கிளையில் செயலாளராக ஆண்டுக்கணக்கில் பணியாற்றியவர். அவர் வெள்ளையர் இருக்கையில் போய் அமர்ந்தார் என்பதும் தவறு. முன்வரிசைகள் வெள்ளையருக்கு, பின்வரிசைகள் கறுப்பினத்தவருக்கு என்று ஒதுக்கப்பட்ட பேருந்தில், அவர் அமர்ந்தது கறுப்பினத்தவரும் உட்காரக்கூடிய நடுப்பகுதியின் முதல் வரிசை. நின்றுகொண்டிருந்த ஒரேயொரு வெள்ளையருக்காக அந்த வரிசையின் நான்கு பேரும் எழ வேண்டும் என்றார் ஓட்டுநர், ஏனெனில் ஒரே வரிசையில் இரு இனத்தவரும் அமரக் கூடாது. மூவர் எழுந்தார்கள், பார்க்ஸ் எழவில்லை, கைதானார். அன்றிரவு அலபாமா மாநிலக் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டார். பேருந்துகளைப் புறக்கணிக்க நேரலாம் என்று அவருடைய மகளிர் அரசியல் மன்றம் 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதியிருந்ததால், திட்டம் ஆயத்தமாகவே இருந்தது.

அந்தப் போராட்டத்தின் முதல் கோரிக்கைகளில் இனப் பிரிவினையை ஒழிப்பது இடம்பெறவில்லை என்பதும் பலர் கவனிக்காத செய்தி. மரியாதையான நடத்தை, முதலில் வந்தவர் முதலில் அமரும் முறை, கறுப்பினப் பகுதிகளில் கறுப்பின ஓட்டுநர்கள் என்பவையே கேட்கப்பட்டன. நகர நிர்வாகம் இவற்றையும் மறுத்த பிறகு வழக்கு போடப்பட்டது. அதில் வாதிகளாக நின்றவர்கள் வேறு நான்கு பெண்கள். அவர்களில் கிளாடெட் கோல்வின், பார்க்ஸுக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே இருக்கையை விட மறுத்துக் கைதான 15 வயது மாணவி. 381 நாள் புறக்கணிப்பு 1956 டிசம்பரில் வெற்றியோடு முடிந்தது, பேருந்துகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற அந்த வழக்கின் தீர்ப்பால்தான்.

நம் வாசகர்களுக்கே உரிய ஒரு தவறும் உண்டு: அந்த இயக்கத்தைக் காந்தியின் நிழலாக மட்டும் பார்ப்பது. தொடர்பு உண்மையானது, பழையதும்கூட. ஹோவர்ட் தர்மன் என்ற கறுப்பினச் சமயச் சிந்தனையாளர் 1936இல் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார். கிங் 1959இல் இந்தியா வந்தார். ஆனால் 1956 ஜனவரியில் வீட்டில் குண்டு வீசப்பட்டபின் கிங்கின் வீட்டுக்குத் துப்பாக்கி ஏந்தியோர் காவல் இருந்தார்கள். அகிம்சையை அவர் முழு நெறியாக ஏற்றது அகிம்சைப் போராட்டத்தில் அனுபவம் வாய்ந்த பேயர்ட் ரஸ்டின் போன்றோரின் துணையுடன், போராட்டத்தின் ஊடாகவே. தேவாலயங்கள், கல்லூரிகள், தொழிற்சங்கங்கள் என்று உள்ளூரில் ஊன்றிய அமைப்புகள்தான் அந்த நெறிக்கு உடலைத் தந்தன.

இனப் பாகுபாட்டைத் தென்மாநிலங்களின் நோயாக மட்டும் எழுதுவதும் பிழை. 1964 பிப்ரவரி 3 அன்று நியூயார்க் நகரப் பள்ளிகளின் பாகுபாட்டை எதிர்த்து 4,60,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்புக்குப் போகவில்லை. முந்தைய ஆண்டு வாஷிங்டன் பேரணிக்கு வந்த சுமார் 2,50,000 பேரைவிட அது பெருங்கூட்டம். அந்தப் பேரணியின் பெயரே வேலைக்கும் சுதந்திரத்துக்குமான பேரணி என்பதை மறந்து, அதைக் கிங்கின் ஒரு புகழ்பெற்ற உரையாகச் சுருக்கிவிடுகிறோம். 2 டாலர் குறைந்தபட்சக் கூலி அதன் கோரிக்கைகளுள் ஒன்று. இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைச் சட்டத்தைக் கட்சிக் கணக்கில் விளக்குவதும் பயன் தராது: செனட்டில் எதிர்த்து வாக்களித்த 27 பேரில் 21 பேர் அதைக் கொண்டுவந்த ஜனநாயகக் கட்சியினரே, பிளவு பெரிதும் வட்டாரம் சார்ந்தது.

கடைசியாக, 1965 வாக்குரிமைச் சட்டத்தோடு கதையை முடிக்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் பயன் பெரிது: மிசிசிப்பியில் 7 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த கறுப்பின வாக்காளர் பதிவு, 1967இல் 60 விழுக்காட்டை நெருங்கியது. ஆனால் 1968 பிப்ரவரியில் மெம்ஃபிஸ் நகரத்தில் குப்பை வண்டியின் இயந்திரத்தில் நசுங்கி இரு துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்த பிறகு, சுமார் 1,300 பேர் கூலி உயர்வும் சங்க அங்கீகாரமும் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிங் அங்கே போனது அந்த வேலைநிறுத்தத்துக்காக. ஏப்ரல் 4 அன்று கொல்லப்பட்டதும் அங்கேதான். வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் ஏப்ரல் 11 அன்று கையெழுத்தாயிற்று. ஏப்ரல் 16 அன்று மெம்ஃபிஸ் நகராட்சி சங்கத்தை ஏற்றுக் கூலியையும் உயர்த்தியது.